தண்ணீருக்குள் இருக்கும் பாதி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. போனில் நீ கேட்டதற்குப் பாதி பதில்தான் சொன்னேன். பட்டறையில் ஒரு பக்கம் கிரைண்டர் ஓடுகிறது, மறுபக்கம் வள்ளக்காரர் ஒருவர் எஞ்சினைக் கேட்டு நிற்கிறார். அந்த நேரத்தில் சொல்லும் எதுவும் உன் மனதிலும் நிற்காது, என் மனதிலும் நிற்காது. எழுதி அனுப்பினால் ஆணியில் குத்தி வைத்து, வேலை நடக்கும்போது எடுத்துப் பார்ப்பாய். கிரீஸ் பட்டால் படட்டும்.

15 குதிரைச் சக்தி யமஹா எண்டியூரோ அவுட்போர்டு எஞ்சின், பழையது, குளச்சலில் ஒருவரிடம் வாங்கியிருக்கிறாய். கியர் ஆயிலை இறக்கினால் பால் விட்ட டீயாக வருகிறது. ஓட்டும்போது கியர் நழுவுகிறது. ஆகவே கியர் செட்டை முழுசாக மாற்றிவிடலாம், எங்கே விலை குறைவு என்று கேட்டாய். மக்கா, கியர் செட்டை இப்போது வாங்காதே. எண்ணெயில் தண்ணீர் கலந்தது ஒரு கோளாறு, கியர் நழுவுவது வேறொரு கோளாறு. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம், தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். காரணத்தைப் பிடிக்காமல் புதுக் கியரை உள்ளே வைத்தால் அதுவும் ஆறு மாதத்தில் பழைய கியராகிவிடும். இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான், பல இடங்களில் வைத்து.

உன் எஞ்சினின் மேல்பாதியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 246 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பிளக், கார்புரேட்டர், பிஸ்டன் எதுவானாலும் கண்முன்னே இருக்கிறது. கெட்டால் புகையிலும் சத்தத்திலும் காட்டிவிடும். கீழே இருக்கும் லோயர் யூனிட் அப்படிக் காட்டாது. மூன்று கியர், சில பேரிங், கால் லிட்டர் எண்ணெய், சுற்றிலும் உப்புத் தண்ணீர். உள்ளே எண்ணெயும் வெளியே கடலும் கலக்காமல் தடுப்பது சில ரப்பர் வளையங்கள் மட்டுமே. அது கெட்டுக்கொண்டிருக்கும்போது வள்ளம் நன்றாகவே ஓடும். வள்ளக்காரருக்குத் தெரியவரும்போது உள்ளே பேரிங் போயிருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் மனதில் வரைந்துகொள். மேலே கிராங்க் சாஃப்ட்டில் கோத்த டிரைவ் சாஃப்ட் நேராகக் கீழே இறங்குகிறது. அதன் அடியில் பினியன் என்கிற சின்னக் கியர். உன் எஞ்சினில் அதற்கு 13 பல். அதன் இரண்டு பக்கமும் 27 பல் உள்ள இரண்டு கியர்கள், முன்னால் ஃபார்வர்டு, பின்னால் ரிவர்ஸ். எஞ்சின் ஓடும் வரை இந்த மூன்றும் சுற்றிக்கொண்டே இருக்கும், ஃபார்வர்டு ஒரு திசையில், ரிவர்ஸ் எதிர்த்திசையில். புரொப்பல்லர் சாஃப்ட் இவை இரண்டுக்கும் நடுவே சும்மா நிற்கிறது. அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் டாக் கிளட்ச் என்ற துண்டு எந்தக் கியரின் பல்லைப் போய்க் கவ்வுகிறதோ, அந்தத் திசையில் சாஃப்ட் சுற்றும். நடுவில் நின்றால் நியூட்ரல். மேலே 5000 சுற்று என்றால் கீழே புரொப்பல்லருக்குச் சுமார் 2400 சுற்று.

1909-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒன்றரைக் குதிரைச் சக்தி மோட்டாரிலும் நிமிர்ந்த கிராங்க், இறங்கும் தண்டு, தண்ணீருக்குள் சாய்வுப் பல் கியர் என்று அடிப்படை இதுதான். அதில் நியூட்ரலும் இல்லை, ரிவர்ஸும் இல்லை. ஸ்டார்ட் ஆனால் கிளம்பிவிடும். டாக் கிளட்ச் அதற்கு அப்புறம் வந்தது.

இந்தப் படம் மனதில் இருந்தால், கியர் நழுவுகிறது என்று சொன்னதும் கியரின் பல்லை நீ சந்தேகிக்க மாட்டாய். பினியனும் பெரிய கியர்களும் எப்போதும் கவ்வியே இருப்பவை. பல் உடைந்தால்தான் அங்கே நழுவும், அப்படி உடைந்திருந்தால் எண்ணெயோடு இரும்புத் துண்டு வந்திருக்கும். அதனால் முதலில் புரொப்பல்லரைப் பார். அதன் நடுவில் ரப்பர் புஷ் ஒன்று அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். புரொப்பல்லர் எதிலாவது மோதினால் அடி நேரே கியருக்குப் போகாமல் இருக்க வைத்தது அது. பழசானால் அந்த ரப்பர் பிடிவிட்டு வழுக்கும். உள் வளையத்தில் இருந்து வெளி உலோகம் வரை பெயின்ட்டால் ஒரு நேர்க்கோடு போட்டுவிட்டு, வள்ளத்தில் மாட்டி முழு வேகத்தில் ஓட்டிப் பார். திரும்பி வரும்போது கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் கோளாறு புரொப்பல்லரில். லோயர் யூனிட்டைத் தொடவே வேண்டாம்.

கோடு நேராகவே நின்றால் அடுத்து கியர் போடும் கம்பி. எஞ்சினின் நடுக்காலில் மேல்கம்பியும் கீழ்க்கம்பியும் சேரும் இடத்தில் ஒரு இணைப்பு நட் இருக்கிறது. முன்பு எவரோ அவசரத்தில் கழற்றி, சரியான அளவில் திருகாமல் விட்டிருந்தால் டாக் கிளட்ச் பாதி தூரம்தான் போய்க் கவ்வும். அதுவும் சரியாக இருந்தால்தான் டாக் கிளட்ச்சின் முனை தேய்ந்தது என்ற முடிவுக்கு வர வேண்டும். அதற்கு அடையாளம் சத்தம். ரப்பர் வழுக்கினால் எஞ்சின் சத்தம் மட்டும் வழவழவென்று ஏறும், வள்ளம் நகராது. டாக் தேய்ந்திருந்தால் பாரம் ஏறும்போது கீழே இருந்து டக், டக் என்று இடிக்கும். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கியர் நோகக்கூடாது என்று லிவரை மெதுவாக, தடவித் தடவிப் போடுவார்கள். டாக் முனையைக் கொல்வது அதுதான். ஆக்சிலேட்டரை முழுக்கக் குறைத்துவிட்டு, ஒரே வெட்டாகப் போட வேண்டும்.

இனித் தண்ணீர் விஷயம். இதில் கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் கையில் ஸ்பேனர் வந்ததும் எல்லாப் பையன்களும் அவசரப்படுகிற இடம் இது.

கழற்றாதே. கழற்றுவதற்கு முன்னால் காற்றடித்துப் பார். எந்த வழியாகத் தண்ணீர் வந்தது என்பதற்குச் சாட்சி அந்த மூடிய பெட்டிதான். திறந்துவிட்டால் சாட்சி போய்விட்டது. எண்ணெய் முழுக்க வடிந்ததும் கீழ் ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கு. மேல் ஸ்க்ரூ இருந்த ஓட்டையில் அதே மரையுள்ள ஒரு நிப்பிளைத் திருகி, ரப்பர் டியூப் மாட்டி, மீட்டர் வைத்த சைக்கிள் பம்பால் காற்று ஏற்று. 10 பவுண்டு போதும். 14-க்கு மேல் போகாதே, நல்ல சீலும் பிதுங்கிவிடும். முள் நிற்கிறதா, இறங்குகிறதா என்று பார். இறங்கினால் அப்படியே தண்ணீர் டிரம்மில் முக்கு. குமிழி எங்கிருந்து வருகிறதோ அதுதான் வழி. முள் அசையாமல் நின்றாலும் நம்பிவிடாதே. புரொப்பல்லர் சாஃப்ட்டைக் கையால் சுற்று, டிரைவ் சாஃப்ட்டைச் சுற்று, கியர் கம்பியை மேலும் கீழும் ஆட்டு. நிற்கும்போது அடைத்திருக்கும் சீல் சுற்றும்போது விடும்.

குமிழி வரக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை. முதலாவது, எண்ணெய் இறக்கும் ஸ்க்ரூக்களின் வாஷர். பத்து இருபது ரூபாய்ச் சாமான். ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் இதையும் மாற்ற வேண்டும், ஒருவரும் மாற்றுவதில்லை. அந்த வாஷர் நசுங்கிப் போய்த் தண்ணீர் இறங்கியதற்காகக் கியர் பெட்டியையே பிரித்துப் போட்ட பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, புரொப்பல்லருக்குப் பின்னால் இருக்கும் சீல்கள். நம் கடற்கரையில் பாதிக்கு மேல் இங்கேதான். அறுந்த தூண்டில் நரம்போ வலைத் துண்டோ புரொப்பல்லரில் சுற்றும். வெளியே தெரிவதை அறுத்து எறிந்துவிட்டு ஓட்டுவார்கள். உள்ளே போன நான்கு விரல் நீள நரம்பு சாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றி, சூட்டில் இறுகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். உன் எஞ்சினில் புரொப்பல்லரைக் கழற்றியதும் அதன் பின்னே இருக்கும் வாஷரை எடுத்துப் பார், நரம்பு இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். மூன்றாவது, மேலே தண்ணீர் பம்புக்கு அடியில் டிரைவ் சாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் சீல். நான்காவது, கியர் கம்பி இறங்கும் துளையின் ஓ ரிங். ஐந்தாவது, பின்மூடியின் ஓ ரிங். கடைசியாக, அலுமினியப் பெட்டியே அரித்து ஊசித்துளை விழுந்திருப்பது. இது அபூர்வம். இதற்கு மேலே எம்சீல் அப்பி, பெயின்ட் அடித்து விற்பார்கள் என்பதால் பெட்டியின் பெயின்ட் ஓர் இடத்தில் மட்டும் புதிதாக இருந்தால் அங்கே சுரண்டிப் பார்.

எங்கே ஒழுகுகிறது என்று எழுதி வைத்துக்கொண்ட பிறகு பிரி. மாட்டும் பிராக்கெட்டில் தகடு ஒன்று இருக்கும், அதில் மாடல் எண் இருக்கிறது. அதற்கான சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்துக்கொள். போல்ட் எவ்வளவு இறுக்க வேண்டும், பல்லுக்குப் பல் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை மேனுவலிடம் கேள். என்னிடம் கேட்காதே, பக்கத்துப் பட்டறைக்காரரிடமும் கேட்காதே. நாங்கள் கைக்கணக்கில் சொல்வோம். அந்தக் கணக்கு எங்கள் கையோடு பொருந்தியது.

லோயர் யூனிட்டை இறக்க, கியர் கம்பியின் இணைப்பை விடுவித்து, நான்கு போல்ட்டைக் கழற்றினால் போதும் என்று மேனுவல் சொல்லும். புது எஞ்சினுக்கு அது உண்மை. பிளைவுட் வள்ளங்கள் பரவத் தொடங்கிய 1980களில் இருந்து நம் கரையில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களில் பலவற்றைத் திறந்திருக்கிறேன். அந்தப் போல்ட்டுகள் எதுவும் நட்பாக வந்ததில்லை. எஃகு போல்ட், அலுமினியப் பெட்டி, நடுவே உப்புத் தண்ணீர். இரண்டு உலோகமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரியும். வெள்ளையாகப் பூத்து, போல்ட்டைச் சுற்றி இறுகிக்கொள்ளும். பலத்தைக் காட்டினால் தலை ஒடிந்து கையில் வரும். மீதி உள்ளே நிற்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வை. மறுநாள் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு தட்டி, முதலில் கொஞ்சம் இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு திருப்பு. மசியவில்லை என்றால் சூடு.

அதைவிடப் பிடிவாதமானது பின்மூடி. புரொப்பல்லர் சாஃப்ட்டின் பேரிங்கையும் சீலையும் தாங்கி நிற்பது அது. உன்னுடையதில் இரண்டு போல்ட்டுதான். ஆனால் போல்ட்டை எடுத்த பிறகும் அது அசையாது. இந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதே. ஓ ரிங் உட்காரும் முகத்தில் கீறல் விழுந்தால் அந்தப் பெட்டி பிறகு என்றைக்கும் ஒழுகும். நெம்புவதை மறந்துவிட்டுச் சுழற்றப் பார். மூடியின் காதில் மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் தட்டினால், ஒரு மயிரிழை திரும்பினாலும் போதும், உப்பின் பிடி விட்டுப்போகும். அதற்கும் மசியாவிட்டால் புளோ லேம்ப்பால் பெட்டியைச் சுற்றிச் சமமாகச் சூடாக்கு. மூடியில் நெருப்பைக் காட்டாதே, வெளிப்பெட்டி விரிய வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறும் சூடு போதும். எண்ணெய் முழுக்க வடிந்திருக்க வேண்டும், பக்கத்தில் பெட்ரோல் கேன் இருக்கக்கூடாது. இதை அம்மா படித்தால் உன்னைப் பட்டறைக்கே விடமாட்டாள்.

பினியன் நட் ஒன்றுதான் கொஞ்சம் சூட்சுமம். உள்ளே நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே டிரைவ் சாஃப்ட்டைத் திருப்ப வேண்டும். சாஃப்ட்டின் மேல்முனை வரிப்பல்லாக இருப்பதால் சாதாரண ஸ்பேனர் நிற்காது, பைப் ரெஞ்ச் போட்டால் பல் போய்விடும். காயலான் கடையில் இதே எஞ்சினின் உடைந்த கிராங்க் சாஃப்ட் கிடைக்கும். அதன் கீழ்முனையை அறுத்து, மேலே ஒரு பெரிய நட்டை வெல்டு வைத்தால் கருவி தயார். கழற்றிய பினியன் நட்டைத் திரும்பப் போடாதே, புதிது வாங்கு.

உள்ளே ஒவ்வொரு கியருக்கும் பேரிங்குக்கும் பின்னால் ஷிம் என்கிற மெல்லிய தகட்டு வளையங்கள் இருக்கும். தொழிற்சாலையில் அந்தப் பெட்டிக்கென்றே அளந்து போட்டவை. எது எங்கிருந்து வந்தது என்று கம்பியில் கோத்து, அட்டை கட்டி வை. ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடு. பழைய கியரும் பழைய பெட்டியும் தொடர்ந்தால் பழைய ஷிம் பழைய இடத்துக்கே போகட்டும். கியரையோ பேரிங்கையோ மாற்றினால்தான் மறுபடி அளக்கும் வேலை வரும். புதுக் கியர் செட் வாங்காதே என்று நான் சொன்னதில் இதுவும் ஒரு காரணம். விலை மட்டும் இல்லை, அதைச் சரியாக உட்கார வைக்கும் வேலை உன் முதல் எஞ்சினுக்கு வேண்டாம்.

இப்போது எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி, வெளிச்சத்தில் பார். முதலில் பினியன். பெரிய கியரின் ஒரு பல் ஒரு முறை அடி வாங்கும்போது பினியனின் ஒரு பல் இரண்டு முறை வாங்குகிறது. பினியன் நன்றாக இருந்தால் மற்றவை நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பல்லின் நடுவில் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்த தடம் இருந்தால் ஆரோக்கியம். ஓரத்தில் மட்டும் தடம், பல்முகத்தில் குழி, நீலம் பாய்ந்த நிறம், இவற்றில் ஏதாவது இருந்தால் அந்தக் கியர் போய்விட்டது. லேசான பழுப்புக் கறையைத் துரு என்று பயந்து தூக்கிப் போடாதே. நகத்தால் தடவினால் குழி தட்டுப்படுகிறதா என்பதே கணக்கு.

பேரிங்கில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதே. மழைக்காலத்தில் கடல் பொங்கும்போது எஞ்சினை வீட்டு மூலையில் சாய்த்து வைத்துவிடுவார்கள். உள்ளே கலந்திருந்த தண்ணீர் எண்ணெயில் இருந்து பிரிந்து அடியில் தங்கும். தங்கிய மட்டம் வரை பேரிங்கில் துரு ஏறும். ஓடிய மாதங்களில் ஆகாத சேதம் சும்மா கிடந்த ஒரு மாதத்தில் ஆகிவிடும். பேரிங்கை எண்ணெய் இல்லாமல் காதருகே வைத்துச் சுற்று. ஓரிடத்தில் கரகரத்தால் மாற்று.

புது பேரிங் வளையத்தை ஏற்றுவதற்கு நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கடற்கரையில் ஐஸுக்குப் பஞ்சம் இல்லை. மீன் பெட்டி ஐஸை நொறுக்கி உப்புப் போட்டு, அதில் பேரிங் வளையத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் புதைத்து வை. கியர் பெட்டியைக் கொதிக்கிற தண்ணீரில் வை. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். வெளியே எடுத்த வேகத்தில் வைத்தால், சுத்தியலுக்கு அதிக வேலை இல்லாமல் உட்கார்ந்துவிடும். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பேரிங் சூடு வாங்கிவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

சீல்களைக் கழற்றும்போதே அவை எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று குறித்துக்கொள். சுருள் கம்பி உள்ள பக்கம் எதைத் தடுக்க வேண்டுமோ அதைப் பார்த்திருக்கும். பிறகு புரொப்பல்லர் சாஃப்ட்டில் சீல் உரசிய இடத்தை நகத்தால் தடவு. பள்ளம் தட்டினால், புதுச் சீலை அதே இடத்தில் வைத்துப் பயன் இல்லை, அந்தப் பள்ளத்தின் வழியாகவே தண்ணீர் வரும். பள்ளம் சின்னது என்றால், சீல் உட்காரும் குழியில் இடம் இருக்கும் அளவுக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தினால் உதடு புது இடத்தில் உட்காரும். பள்ளம் ஆழம் என்றால் சாஃப்ட்டையே மாற்று. உதட்டில் மெரைன் கிரீஸ் தடவாமல் ஏற்றாதே, ஒரு சுற்று வறட்டு ஓட்டத்திலேயே அது கருகும். சீல், ஓ ரிங், இம்பெல்லர் மூன்றையும் அசல் சாமானாக வாங்கு. போலிச் சாமானும் பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசலாக வருகிறது. ரப்பரை மடக்கிப் பார். அசல் மடங்கி உடனே நிமிரும்.

இம்பெல்லரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையின் குணம் அதில்தான் தெரியும். துறைமுகத்தில் கட்டும் படகுகள் ஆழத்துத் தண்ணீரைக் குடிக்கின்றன. அலைவாயில் ஏற்றி மணலில் இறக்கும் வள்ளத்தின் எஞ்சின் கடைசி இருபது அடியில் மணல் கலந்த தண்ணீரைக் குடிக்கிறது. அந்த மணல் இம்பெல்லரின் அடித்தகட்டில் வட்டமாகக் கோடு போடும். கோடு ஆழமானால் புது இம்பெல்லரும் தண்ணீரை ஏற்றாது, தகட்டையும் சேர்த்து மாற்று. பழைய இம்பெல்லரின் இறக்கைகளை எண்ணு. ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு எங்கோ மேலே குழாயிலோ சிலிண்டர் வழியிலோ இருக்கிறது. தேடி எடுக்காமல் மூடினால் எஞ்சின் சூடேறி நிற்கும். ஒரு பக்கம் படிந்துபோன இம்பெல்லரைப் புரட்டிப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று புத்தி சொல்ல ஆள் வருவார். கேட்காதே, இறக்கை வேரோடு முறியும்.

திரும்பப் பூட்டும்போது பின்மூடியின் ஓரம், போல்ட் மரைகள் எல்லாவற்றுக்கும் கிரீஸ். அடுத்த முறை திறக்கப் போகிறவன் உன்னை வாழ்த்துவான். டிரைவ் சாஃப்ட்டின் வரிப்பல்லுக்கும் கிரீஸ் வேண்டும், ஆனால் பக்கவாட்டில் மட்டும். உச்சியில் அப்பினால் கிரீஸுக்கு ஒதுங்க இடம் இருக்காது. போல்ட்டை இறுக்க இறுக்க அது கிராங்க் சாஃப்ட்டை மேலே தள்ளும். துத்தநாகக் கட்டியில் பெயின்ட் அடிக்காதே. பெட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் காப்பாற்றவே அது இருக்கிறது, பெயின்ட் மூடினால் அதற்கு வேலை இல்லை. சிலிக்கான் பேஸ்ட்டை மேனுவல் சொல்லாத எந்த இடத்திலும் போடாதே. பிதுங்கிய பேஸ்ட் உள்ளே போய் எண்ணெய் வழியை அடைத்த பெட்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன.

பூட்டியதும் மறுபடியும் காற்றடித்துப் பார். சுற்றிப் பார், ஆட்டிப் பார். முள் நின்றால் மட்டுமே எண்ணெய். கீழ் ஓட்டையில் இருந்து பம்பு செய், மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும் வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று நடுவில் சிக்கிக்கொண்டு நிரம்பியதாக ஏமாற்றும். 250 மில்லி அளவு பிடிக்க வேண்டும். மிகவும் குறைவாகப் பிடித்தால் காற்று நிற்கிறது என்று பொருள். மேல் ஸ்க்ரூவை முதலில் போட்டுவிட்டுக் கீழ் ஸ்க்ரூவைப் போடு, அப்போதுதான் அதிகம் சிந்தாது. அவுட்போர்டுக்கான கியர் ஆயில் வாங்கு, லாரி கியர் பெட்டிக்கு வாங்கிய மீதியை ஊற்றாதே.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவ்வளவு பாடுபடுவதற்குப் புது எஞ்சினே வாங்கலாமே என்று தோன்றும். பணம் இருந்தால் வாங்கு, தப்பில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்குகள் எண்ணெயும் குறைவாகக் குடிக்கின்றன, புகையும் இல்லை. ஆனால் மானிய மண்ணெண்ணெயை நம்பிக் கடலுக்குப் போகும் நம் ஊர் வள்ளங்களில் இந்த டூ ஸ்ட்ரோக்குகள் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். புது எஞ்சினுக்கும் கீழே இருப்பது இதே பினியன், இதே டாக் கிளட்ச், இதே சீல்தான். டிப்ளமோ முடித்த உனக்குக் கம்ப்யூட்டர் வைத்து மேல்பாதியைப் பார்க்கச் சொல்லித்தர ஆட்கள் வருவார்கள். கீழ்ப்பாதியைச் சொல்லித்தர அதிகம் பேர் இல்லை.

பின்னால் நீ பட்டறை போட்டால், வருகிறவரிடம் கழற்றிய பழைய சாமானை ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடு. எது ஏன் போனது என்று காட்டு. நரம்பு சுற்றியிருந்தால் அந்த நரம்பையும் பையில் போடு. அதைப் பார்த்தவர் அடுத்த முறை புரொப்பல்லரைத் தானே கழற்றிப் பார்ப்பார். உனக்கு வரும் வேலை அதனால் குறையும் என்று சிலர் சொல்வார்கள். குறையாது, அவருடைய மச்சான்மார் எல்லாரும் உன்னிடம் வருவார்கள்.

கடலுக்குப் போகும் முன் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் ஓட்டு. தண்ணீர் மட்டம் பம்புக்கு மேலே இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் பக்கத்துத் துளையில் தண்ணீர் பீச்ச வேண்டும். வரவில்லை என்றால் உடனே நிறுத்து, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நிற்காதே. ஃபார்வர்டு, நியூட்ரல், ரிவர்ஸ் மூன்றையும் போட்டுப் பார். 10 மணி நேரம் ஓடியதும் எண்ணெயை இறக்கி நிறம் பார்த்து மாற்று, அதன்பின் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை போதும்.

முதல் ஓட்டத்துக்குக் கரை கண்ணில் படும் தூரத்தை விட்டுப் போகாதே. தனியாகவும் போகாதே. இரண்டு துடுப்பு, இரண்டு லைஃப் ஜாக்கெட், துணைக்கு இன்னொரு வள்ளம், இவை இல்லாமல் கயிற்றை இழுக்காதே. போகும் நாளை முன்கூட்டியே எனக்குச் சொல். அன்று பட்டறைக்கு லீவு விட்டு நானும் வருகிறேன்.

அன்புடன்,
மாமா